மோப்ப நாயும் இரசாயனக் கருவியும்



2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்துக் குழந்தைகள் உட்படப் பலர் மாண்டதை நாம் மறந்திலோம். அடுத்த மாதம் பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்டபோது, மாணவர்தம் புத்தகப் பைகள் வாயிலிலேயே சோதிக்கப்பட்டன. அந்நாட்களில், ஆரையம்பதியிலே சிறுமியொருத்தி என்னிடம், "சேர், நாய்க்குக் குண்டு என்றால் என்னவென்று தெரியுமா?" என்று கேட்டாள். கலைப் பட்டதாரியாகிய நான் விடையறியாது நின்றேன். பின்னர் படித்தறிந்ததையே இன்று கூற முற்படுகிறேன்.

தாழம்பூ புதருள் மறைந்திருப்பினும் அதன் மணம் வாவிக்கரையில் நடப்போரை எட்டிவிடும். வெடிபொருளும் அத்தகையதே. அதனின்றும் நுண்ணிய ஆவி இடையறாது எழுகின்றது. ஆயின் அதன் அளவோ மிகமிகச் சிறிது. அறை வெப்பநிலையில், ரி.என்.ரி. ஆவி நூறு கோடிப் பங்கு வளியில் ஒரு சில பங்கே இருக்கும், ஆர்.டீ.எக்ஸ். ஆவி அதனினும் பன்மடங்கு குறைவு. மனிதனுக்கு மணமுணரும் உயிரணுக்கள் ஏறக்குறைய ஐம்பது இலட்சம். நாய்க்கோ இருபது கோடிக்கு மேல் என்பர். எனவே நமக்கு வெறுங்காற்றாகத் தோன்றுவது நாய்க்குச் செய்தியாகின்றது.

ஆயினும் நாய்க்குக் குண்டு இன்னதென்று தெரியாது. குறித்த மணத்தைக் கண்டு அமைதியாக அமர்ந்தால் பந்தோ தீனியோ கிடைக்கும் என்பதொன்றே அதற்குத் தெரியும். நிலத்துள் புதைந்த ரி.என்.ரி. கண்ணிவெடியை அது காண்பதும், பெரும்பாலும் அம்மருந்தோடு கலந்துள்ள, எளிதில் ஆவியாகும் வேறொரு பொருளின் மணத்தாலேயே என அறிஞர் கண்டுள்ளனர்.

இரசாயனக் கருவியின் வழி வேறு. பையையோ கையையோ ஒரு சிறு துணியால் துடைத்து, அதனைக் கருவியுள் வைத்துச் சூடாக்குவர். எழும் ஆவி மின்னேற்றம் பெற்று அயன்களாகும். அவை ஒரு குழாயினூடே செல்லும் வேகம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். அவ்வேகத்தைக் கொண்டு பொருளை இனங்காண்பர். நாய் களைப்புறும், கருவி களைப்புறாது. ஆயின் மணம் வரும் திசையைப் பின்தொடர்ந்து புதரிடையே செல்லும் திறன் நாய்க்கே உரியது.

உலோகம் குறைந்த பிளாஸ்டிக்கு உறையுள்ள கண்ணிவெடியை உலோகங்காட்டும் கருவி தவறவிடக்கூடும். அங்கே நாயின் மூக்குத் துணையாகின்றது. எமது இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவிலும் இத்தகைய நாய்கள் பணியாற்றியுள்ளன. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்றதென 2017 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னே பன்னெடுநாள் மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதித்தோரின் பொறுமை இருந்தது.

நாய் தவறவும் கூடும். காற்றும் மழையும் கடும் வெயிலும் மணத்தை மாற்றிவிடும். ஆதலினால் கண்ணிவெடி நிலத்தில் ஒரு நாய் பார்த்த இடத்தை மற்றொரு நாயும் பார்ப்பது வழக்கம். கருவியும் தடுமாறலாம். நைத்திரோகிளிசரின் என்பது வெடிமருந்து. இதய நோய்க்கு மருந்தும் அதுவே. அமோனியம் நைத்திரேற்று குண்டுக்கும் பயன்பட்டது, வயலுக்கு உரமுமாயிற்று. ஆகவே கருவி ஒலித்த மாத்திரத்தே நோயாளியையோ கமக்காரனையோ குற்றவாளியெனக் கொள்ளலாகாது. ஆய்வுகூடத்தில் மீண்டும் சோதித்து உறுதிசெய்த பின்னரே எதனையும் சொல்லல் வேண்டும்.

அயலவனை அயலவன் ஐயத்தோடு நோக்கிய அந்நாட்களில் இதனை நாம் எத்துணை பேர் எண்ணிப் பார்த்தோம்? அச்சிறுமிக்கு இன்று நான் கூறும் விடை இதுதான்: "மகளே, நாய்க்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது. அவை 'இங்கே பார்' என்று மட்டுமே சொல்லும். ஆற அமரப் பார்த்து முடிவுசெய்யும் கடமை நம்முடையது."