அழியாப் பொருள்



நான் இப்பொழுது அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும் இந்தச் சிறிய அறையைச் சுற்றிப் பார்க்கிறேன். என் முன்னே இருக்கும் ஒலிவாங்கியின் கம்பிக்கு மேலுறை பிளாஸ்டிக். என் கையிலுள்ள பேனா பிளாஸ்டிக். என் மூக்குக் கண்ணாடியின் சட்டமும் பிளாஸ்டிக்கே. இந்தக் குரலை உங்களிடம் கொண்டு சேர்க்கும் வானொலிப் பெட்டியின் கூடும் பெரும்பாலும் அதனால் ஆனதாகவே இருக்கும். காலையில் பல் துலக்கும் தூரிகை முதல் இரவில் விளக்கை அணைக்கும் ஸ்விட்ச் வரை, ஒரு நாளில் எத்தனை முறை இப்பொருளைத் தொடுகிறோம் என்று எண்ணத் தொடங்கினால் கணக்குத் தவறிவிடும். இவ்வளவு நெருங்கிப் பழகும் ஒன்றைப் பற்றி நாம் அறிந்திருப்பதோ மிகவும் சொற்பம். ஆகவே இன்று அதைப் பற்றிச் சிறிது நேரம் சிந்திக்கலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுவதுதான் முறை. என் தாயார் பித்தளைக் குடத்தில் தண்ணீர் சுமந்தவர். வெறுங்குடமே இடுப்பை அழுத்தும். நிறைகுடத்தின் பாரத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகப் பிளாஸ்டிக் குடம் வந்த அன்று, அவர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "இது குடமா, பூவா?" என்று கேட்டுச் சிரித்தது இன்றும் என் நினைவில் நிற்கிறது. சில ஆண்டுகளில் அக்குடத்தின் அடியில் கீறல் விழுந்தது. தெருவில் வந்த குடம் ஒட்டுபவர் ஒருவர், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கீறலை உருக்கி ஒட்டிக் கொடுத்தார். குடம் மறுபடியும் குழாயடிக்குச் சென்றது.

அந்த இரும்பு செய்த வேலையில் ஒரு விஞ்ஞான உண்மை அடங்கியிருக்கிறது. பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளின் பெயர் அன்று. பெரிய குடும்பம் ஒன்றின் பெயர். வேண்டிய உருவில் வார்க்கத் தக்கது என்னும் கருத்துடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. தமிழில் நெகிழி என்கிறோம். மிகச் சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று இணைந்து, பூக்களைத் தொடுத்த சரம்போல நீண்டிருப்பதே இக்குடும்பத்தின் பொது இயல்பு. எதிலீன் என்னும் வாயுவின் ஒரு மூலக்கூறில் இரண்டு கார்பன் அணுக்களும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அம்மூலக்கூறுகளைத் தொடுத்துக்கொண்டே போனால் கிடைப்பது பாலிஎதிலீன். சூடு பட்டால் இச்சரங்கள் நெகிழ்ந்து ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், ஆறினால் இறுகும். மெழுகைப் போல் மீண்டும் மீண்டும் உருக்கலாம். வேறொரு வகையில் சரங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்துவிடுகின்றன. அது சுட்ட செங்கல்லைப் போன்றது, மறுபடி உருகாது. குடம் முதல் வகை. பழைய மின்சார ஸ்விட்சுகளுக்குப் பயன்பட்ட பேக்கலைட் இரண்டாம் வகை.

இப்பொருள் பிறந்த கதையும் சுவையானது. 1860களில் அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் பந்துகளை யானைத் தந்தத்தால் செய்தார்கள். தந்தத்திற்குத் தட்டுப்பாடு வந்தது. மாற்றுப் பொருள் காண்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று ஒரு வணிக நிறுவனம் அறிவித்தது. ஜான் வெஸ்லி ஹயட் என்பவர் பஞ்சிலிருந்து பெற்ற ஒரு ரசாயனப் பொருளைக் கற்பூரத்தோடு கலந்து செல்லுலாய்டைச் செய்து, 1870இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சீப்புக்கும் பெட்டிக்கும் தந்தமும் ஆமையோடும் தேடிய கைகள் செல்லுலாய்டை நாடின. 1907இல் லியோ பேக்லண்ட், முழுவதும் ரசாயனச் சேர்க்கையாலேயே பேக்கலைட்டை உருவாக்கினார். 1933இல் இங்கிலாந்தில் வாயுக்களை மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்திச் சோதித்துக்கொண்டிருந்த இருவர், பாத்திரத்தின் உள்ளே மெழுகு போன்ற வெண்பொருள் படிந்திருக்கக் கண்டனர். எதிர்பாராமல் கிடைத்த அதுதான் பாலிஎதிலீன். இரண்டாம் உலகப் போரில் அது ராடார் கம்பிகளுக்கு உறையாயிற்று; போருக்குப் பின் வீடுதோறும் புகுந்தது.

அதன் பிறகு அது செய்த உதவிகள் பல. இரத்தம் சேமிக்கும் பை, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிக்குழல், வயலில் சொட்டுச் சொட்டாக நீர் பாய்ச்சும் குழாய் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். துருப்பிடியாமை, நீர் ஊறாமை, செல்லரியாமை ஆகிய குணங்களை மனிதன் நெடுங்காலமாகத் தேடிக்கொண்டிருந்தான். அவை யாவும் ஒரே பொருளில் குறைந்த விலையில் கிடைத்தன. ஏழை வீட்டுக்கும் எட்டும் விலை என்பதை நாம் மறக்கலாகாது.

இனி, நான் சொல்ல வெட்கப்படும் செய்தி ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்தில் ஒரு திருமணம் நடந்தது. விருந்து ஏற்பாடு என் பொறுப்பு. பாத்திரம் கழுவும் தொல்லை வேண்டாம் என்று பிளாஸ்டிக் குவளைகளை நானே வாங்கினேன். மிஞ்சிய சோற்றையும் எச்சில் இலைகளையும் மெல்லிய பிளாஸ்டிக் பைகளில் இட்டு, முடிச்சுப் போட்டுத் தெருக்கோடியில் வைக்கச் சொன்னவனும் நானே. மறுநாள் காலையில் எங்கள் பால்காரரின் பசு அந்தப் பைகளைத் தின்றுகொண்டிருந்தது. சோற்றின் மணம் பசுவுக்குத் தெரியும். முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. நான் அதை விரட்டிவிட்டு, வந்த விருந்தினரைக் கவனிக்கப் போய்விட்டேன். சில மாதங்களில் அப்பசு தீனி எடாமல் வயிறு வீங்கி இறந்தது. அதன் வயிற்றில் பந்துபோல் திரண்டு கிடந்த பைகளைக் கால்நடை மருத்துவர் எடுத்துக் காட்டினார். அவற்றுள் என் வீட்டுப் பையும் ஒன்று என்று சொல்ல எனக்குச் சான்று இல்லை. இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் எழவில்லை.

இது எங்கள் தெருவில் மட்டும் நடந்ததன்று. 2019ஆம் ஆண்டு சென்னைக் கால்நடை மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தார்கள். இலங்கையின் அம்பாறைப் பகுதியில் ஒரு குப்பைமேட்டில் பிளாஸ்டிக் கலந்த உணவைத் தின்று, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்னும் செய்தி 2022இல் வெளியாயிற்று. யானைத் தந்தத்திற்கு மாற்றாகப் பிறந்த பொருளின் வழித்தோன்றல் யானையின் வயிற்றுக்கே போய்ச் சேர்ந்தது.

ஏன் இப்படி நேருகிறது? குப்பைக் குழியில் இட்ட வாழையிலை சில வாரங்களில் மண்ணோடு மண்ணாகிறது. இலையிலுள்ள பொருள்களை அறுத்து உண்ணும் வித்தையை நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கற்று வைத்திருக்கின்றன. பாலிஎதிலீனோ நூறு ஆண்டுகூட நிரம்பாத புதுச் சரக்கு. அதன் சரத்தை அறுக்கும் கத்தி அவற்றிடம் இல்லை என்றே சொல்லலாம். குளிர்பானப் புட்டிக்குரிய ஒருவகைப் பிளாஸ்டிக்கை உண்ணும் பாக்டீரியாவை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்து 2016இல் அறிவித்தனர். ஆயினும் அது மெல்ல மெல்லத்தான் உண்ணும். வெயிலில் கிடக்கும் பை மட்குவதில்லை; நொறுங்குகிறது. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய அத்துகள்கள் ஆற்றிலும் கடலிலும் உப்பிலும் கலக்கின்றன. மனித இரத்தத்திலும் பிளாஸ்டிக் துகள்கள் காணப்பட்டதை நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் 2022இல் வெளியிட்டனர்.

அளவையும் நோக்குங்கள். 1950இல் உலகம் செய்த பிளாஸ்டிக் ஏறத்தாழ 20 லட்சம் டன். 2015இல் அது 38 கோடி டன். அந்த ஆண்டு வரையில் கழிவான பிளாஸ்டிக் முழுவதிலும் நூற்றுக்கு ஒன்பது பங்குதான் மறுபடி உருக்கப்பட்டது என்று ஆராய்ச்சியாளர் மூவர் 2017இல் கணக்கிட்டனர். உருக்கலாம் என்றேனே, ஏன் உருக்கவில்லை? வெவ்வேறு இனங்கள் ஒன்றோடொன்று கலவா. அழுக்கும் எண்ணெயும் படிந்தால் தரம் கெடும். ஷாம்பு பொட்டலம் போன்றவற்றில் பல படலங்கள் ஒட்டிக் கிடப்பதால் பிரித்தெடுப்பதே அரிது. ஆகவே, எல்லாவற்றையும் மறுபடி உருக்கிக்கொள்ளலாம் என்று வாளாவிருக்க முடியாது.

அப்படியானால் பிளாஸ்டிக்கை அடியோடு ஒழித்துவிட வேண்டுமா? அவ்வாறு நான் சொல்லேன். இரத்தப் பையை ஒழித்தால் நோயாளி என் செய்வார்? பொருளின் ஆயுளையும் பயனின் ஆயுளையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதே என் விண்ணப்பம். மண்ணில் புதைத்த குழாய் ஐம்பது ஆண்டு கெடாமல் இருந்தால் அது குணம். கடையிலிருந்து வீடு வரை பத்து நிமிடம் கத்தரிக்காய் சுமக்கும் பையும் அவ்வாறே கெடாமல் கிடந்தால் அது குற்றம். குணம் ஒன்றே, இடம்தான் வேறு.

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் உருக்கிப் பூசித் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையை வகுத்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலையில் இந்தியா முழுவதற்கும் சில பொருள்கள் தடை செய்யப்பட்டன. ஆனால் சட்டம் கடை வாயில் வரைதான் வரும். நம் கைக்குள் நுழைந்து பார்க்காது.

மாணவ மாணவியரே, இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள புட்டிகளையும் டப்பாக்களையும் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முக்கோணத்திற்குள் ஒன்று முதல் ஏழு வரை ஏதேனும் ஓர் எண் இருக்கும். அது அப்பொருளின் இனத்தைக் காட்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு காலம் பயன்பட்டது, பின் எங்கே போகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் உங்களுக்குக் கற்பிப்பதை என் பேச்சு கற்பிக்காது.

என் தாயாரின் குடம் இன்னும் இருக்கிறது. இப்பொழுது அதில் நீர் பிடிப்பதில்லை. மண் நிரப்பிக் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறார். அக்குடமும், அன்று நான் முடிச்சுப் போடச் சொன்ன பையும் ஏறத்தாழ ஒரே இனத்தைச் சேர்ந்தவைதாம். ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துவருகிறது. மற்றொன்று ஓர் இரவு மட்டுமே உழைத்தது. அந்தப் பசு நின்ற இடத்தைக் கடக்கும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்கிறேன். இப்பொழுது கடைக்குப் போகையில் துணிப்பை ஒன்றை எடுத்துச் செல்கிறேன். மறந்துவிட்டால், வீட்டுக்குத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போகிறேன்.