நெல்லிக்கனியின் துவர்ப்பு

(அரக்கோணத்தில் உழவர்களிடையே ஆற்றிய உரை)

 

சென்னைக் கடைகளில் புளூபெரி என்றொரு சிறு பழம் கண்ணாடிப் பெட்டியில் விற்கப்படுவதை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். இதயத்திற்கு நல்லது, மூளைக்கு நல்லது என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, நம் ஊர் நெல்லிக்கும் நாவலுக்கும் கொய்யாவுக்கும் அது பொருந்துமா என்று பார்த்துவிட்டு, பிறகு சாகுபடிக்கு வருகிறேன். ஏனென்றால் "உடம்புக்கு நல்லது" என்ற பேச்சை நம்பி நிலத்தில் பணம் போடுபவர் உழவர்.

அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ 93,600 செவிலியரின் உணவையும் உடல்நலத்தையும் 18 ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். புளூபெரி, ஸ்ட்ராபெரி பழங்களை வாரம் மூன்று முறைக்கு மேல் உண்டவர்களுக்கு, மாதம் ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ உண்டவர்களைவிட மாரடைப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இது 2013இல் வெளியாயிற்று. பழத்தின் கருநீல, சிவப்பு நிறத்திற்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற சாயப்பொருளே இந்தப் பலனைத் தருவதாகக் கருதுகிறார்கள். நம் நாவற்பழத்தைத் தின்றால் நாக்கில் ஏறும் நிறமும் அதே இனத்துப் பொருள்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழம் அதிகம் உண்பவர் மற்ற வகையிலும் உடம்பைப் பேணுபவராக இருக்கக்கூடும். ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தாலும், இத்தகைய ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டுமே தவிர காரணத்தை உறுதி செய்யாது.

இப்போது நெல்லிக்கு வருவோம். 1939-40இல் ஹிஸ்ஸார் பகுதியில் கடும் பஞ்சம். பசுங்காய்கறி கிடைக்காமல் மக்களுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்டது. வைட்டமின் 'சி' பற்றாக்குறையால் வருவது இது. அப்போது நெல்லிக்காய் கொடுத்து அந்நோயைத் தீர்த்தார்கள். 1971இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி 100 கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் வைட்டமின் 'சி', ஆரஞ்சில் 30தான். இன்றும் பலர் அந்த 600ஐயே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் நெல்லிக்கு ஏறத்தாழ 250தான் உள்ளது. ரகம், பருவம், அளக்கும் முறை இவற்றைப் பொறுத்து எண் மாறும். குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஒரு நடுத்தர நெல்லிக்காயின் சதை 35 கிராம் என்றால் ஏறத்தாழ 88 மில்லிகிராம் கிடைக்கும். வளர்ந்த ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் போதும் என்று 2020இல் வகுத்திருக்கிறார்கள். ஆக, ஒரு காய் ஒரு நாளைக்குக் காணும்.

வைட்டமின் 'சி' காற்றுப்பட்டால் கெடும், சூடுபட்டால் கெடும். நெல்லியில் மட்டும் அது ஏன் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது? இதற்கு விடை தேடியவர்கள் சென்னையில் இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், நாயர் என்ற இருவர், நெல்லியிலுள்ள ஒரு வகை டானின் அந்த வைட்டமினைக் காக்கிறது என்று 1936இல் ஓர் ஆங்கில ஆய்விதழில் எழுதினார்கள்.

டானின் என்றால் உங்களுக்கு அன்னியமானதன்று. நெல்லியைக் கடித்தவுடன் வாயை இழுக்கும் துவர்ப்புதான் அது. குரோம் முறை வருமுன் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்களே, அங்கே தோலைப் பிடித்து இறுக்கியதும் டானின்தான். ஆகவே துவர்ப்பைக் குறை என்று எண்ணாதீர்கள். நெல்லியின் பலனில் வைட்டமினுக்கு எவ்வளவு, டானினுக்கு எவ்வளவு என்பதே இன்றைய ஆராய்ச்சியாளரின் வாதம்.

1988இல் வெளியான ஓர் ஆய்வில் 35 முதல் 55 வயதுள்ள ஆண்களுக்கு 28 நாட்கள் பச்சை நெல்லிக்காய் கொடுத்தார்கள். இரத்தத்தில் கொழுப்பு குறைந்தது. நிறுத்திய இரண்டு வாரத்தில் ஏறக்குறைய பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. உணவு என்பது இப்படித்தான், உண்ணும்வரை பயன். ஒரு மாதம் சாறு குடித்தால் ஆயுளுக்கும் போதும் என்பார் பேச்சைக் கேட்காதீர்கள்.

நாவலைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோய்க்கு நாவற்கொட்டைப் பொடி, இலைத்தேநீர் என்று ஊரெங்கும் நம்பிக்கை. விலங்குகளிடம் செய்த சில சோதனைகளில் பலன் தெரிந்தது உண்மை. ஆனால் பிரேசில் நாட்டில் நோயாளிகளுக்கு நாவல் இலைத்தேநீரையும் வழக்கமான மாத்திரையையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள் (2006). மாத்திரைக்குச் சர்க்கரை இறங்கியது, தேநீருக்கு இறங்கவில்லை. நாவற்பழத்தை உப்புத் தூவித் தாராளமாகத் தின்னுங்கள். அதற்காக மாத்திரையை நிறுத்தினால் காலும் கண்ணும் சிறுநீரகமும் கெடும். உங்கள் வீட்டில் யாரேனும் நிறுத்தியிருந்தால் இன்று மாலையே பேசுங்கள்.

கொய்யாவுக்கு நேரடிச் சான்று உண்டு. (தாவரவியல்படி கொய்யாவும் தக்காளியும் பெரி இனக் கனிகள், பெயரிலேயே பெரி உள்ள ஸ்ட்ராபெரி அப்படி அன்று!) சோற்றுடன் 100 கிராம் கொய்யா உண்ட வளரிளம் பருவத்தினரின் உடலில் இரும்புச்சத்து சேர்வது ஏறத்தாழ இரு மடங்காயிற்று என்று ஐதராபாத் நிறுவனத்தார் 2013இல் கண்டார்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. கொல்லைக் கொய்யாவை எல்லாம் கூடையில் ஏற்றி அனுப்பாமல், பெண் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டவுடன் தேநீர் வேண்டாம். அதன் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

இனி நிலம். நெல்லி வறட்சி தாங்கும். கார அமில நிலை 9.5 வரையுள்ள களர் மண்ணிலும் வரும். பாலாற்றுப் படுகையில் நிலம் கெட்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், நம் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையக் கணக்கை எடுத்துக்காட்டி, ஏறத்தாழ 35,000 எக்டர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாகக் குறிப்பிட்டார்கள். அத்தகைய நிலத்தில் நெல்லி நடலாமே என்று பலர் கேட்கிறார்கள். என் கருத்து இது: இயற்கையான களராயின் ஜிப்சம் இட்டு நடலாம். டேனரிக் கழிவுநீர் பாய்ந்த நிலமாயின், மரம் பிழைப்பதை வைத்து மண் சுத்தம் என்று முடிவு கட்டக்கூடாது. உப்பைத் தாங்கும் மரத்தால் நமக்குக் குரோமியம் இருப்பது தெரியவராது.

இரகங்களில் பவானிசாகர் 1, என்.ஏ.7, காஞ்சன், கிருஷ்ணா ஏற்றவை. ஒரே இரகத்தை நடாமல் இரண்டு மூன்றைக் கலந்து நடுங்கள். மகரந்தச் சேர்க்கை நன்றாகி காய்ப்பு கூடும். 6 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 110 ஒட்டுக்கன்றுகள் பிடிக்கும். ஆடியில் நட்டால் மழையில் வேர் பிடிக்கும். காய்ப்புக்கு 4, 5 ஆண்டுகள் ஆகும். அதுவரை இடையில் நிலக்கடலையோ உளுந்தோ போடலாம். முழு நிலத்தையும் நெல்லியாக்க நான் சொல்லமாட்டேன். எல்லாத் தோட்டமும் ஒரே நேரத்தில் காய்த்தால் விலை விழும், நெல்லியை வீட்டில் வைத்துத் தின்று தீர்க்கவும் முடியாது. உப்பு நீரில் ஊறப்போடவோ, உலர்த்தவோ வழி இருந்தால் ஓர் ஏக்கர். இல்லையேல் வரப்போரம் பத்து மரம்.

நடுமுன் மண் மாதிரி எடுங்கள். பழமரத்திற்கு மேல்மண் மட்டும் போதாது. ஒரே குழியில் 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக எடுத்துத் துணிப்பையில் கட்டி, ஆழத்தை எழுதி வையுங்கள். கிணற்று நீரையும் கழுவிய பாட்டிலில் கொண்டு வாருங்கள். டேனரி நீர் ஊறிய பகுதியாயின் குரோமியம் பார்க்கச் சொல்லித் தனியே கேட்க வேண்டும். வழக்கமான பரிசோதனையில் அது வராது.