நாழிகை வட்டிலில் விழுந்த முத்து

(தசலட்சண விழாவில் உத்தம சத்திய நாளன்று ஆற்றிய உரை)

 

வாய்மையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்தவன் நான். வாய்மைக்கு இலக்கியத்தில் சான்று காட்டுதல் எனக்கு எளிது. ஆயினும் இன்று கணித மேதைகளைப் பற்றிப் பேச விழைகிறேன். அவர்களுள் ஒருவரைப் பற்றிப் பேசும்போதுதான் வகுப்பறையில் நான் வாய்மை பிறழ்ந்தேன்.

ஒரு நாள் எட்டாம் வகுப்பில் பாடம் முடிந்து சற்று நேரம் எஞ்சியது. பாஸ்கராசாரியர் 1150ஆம் ஆண்டில் இயற்றிய ‘லீலாவதி’ என்னும் கணித நூலுக்கு அப்பெயர் வந்த கதையைச் சொன்னேன். லீலாவதி அவருடைய மகள். குறித்த முகூர்த்தம் தவறினால் அவளுக்கு மணவாழ்வு இல்லை என்று சோதிடத்தால் அறிந்த தந்தை, நேரம் அறிய நாழிகை வட்டில் வைத்தார். அடியில் சிறு துளையுள்ள அவ்வட்டில் நீரில் மிதந்து, மெல்ல நிறைந்து மூழ்கும் வேளையே முகூர்த்தம். ஆவலோடு குனிந்து பார்த்தவளின் அணியிலிருந்து ஒரு முத்து உதிர்ந்து துளையை அடைத்துக்கொண்டது. வட்டில் மூழ்கவில்லை, முகூர்த்தம் கடந்தது. மகளின் துயர் ஆற்றத் தந்தை அவள் பெயரால் நூல் செய்தார்.

“அதன்பின் அவள் என்ன ஆனாள், ஐயா?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல நாணி, “தந்தைக்குப் பின் அவருடைய மாணாக்கர்களுக்கு அவளே கணிதம் கற்பித்தாள்” என்றேன். அந்நொடியில் பிறந்த பொய் அது.

அடுத்த திங்களில் நடந்த பேச்சுப் போட்டியில் அம்மாணவி அதையே மேடையில் முழங்கினாள். நடுவர்களுள் கணிதம் கற்ற ஒருவர், “இதற்குச் சான்று என்ன?” என்று வினவினார். “எங்கள் தமிழையா சொன்னார்” என்றாள் அவள். அவையில் சிரிப்பு எழுந்தது. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த நான் எழுந்திருக்கவில்லை. பரிசு கிட்டாதது சிறிய இழப்பே. மேடையை விட்டு இறங்கும்போது அவள் என்னைப் பார்த்த பார்வை இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது.

அதன்பிறகே நூல்களைத் தேடிப் படித்தேன். லீலாவதி நூலில் கணக்குகள் ஓர் இளம்பெண்ணை விளித்துக் கேட்கப்படுவது உண்மை. முகூர்த்தமும் முத்தும் அதில் இல்லை. அக்பரின் அவைப் புலவர் ஃபைஸி 1587இல் அதைப் பாரசீகத்தில் பெயர்த்தபோதுதான் அக்கதையை முன்னுரையில் எழுதினார். இடையில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன!

பிற நாட்டுக் கதைகளும் இத்தகையனவே. ஆப்பிள் விழக் கண்டு தாம் சிந்தித்ததை நியூட்டன் 1726இல் தம் நண்பர் ஸ்டூக்லியிடம் கூறினார். தலையில் விழுந்தது என்பது பிற்கால ஒட்டு. சிறுவன் காஸ் வகுப்பில் ஒரு தொடர்க் கூட்டலை நொடியில் முடித்ததை அவருடைய நண்பர் 1856இல் எழுதினார். ஒன்று முதல் நூறு வரை என்னும் விவரம் அவர் எழுதியதில் இல்லை.

மறுவாரம் வகுப்பில் அனைத்தையும் ஒப்புக்கொண்டேன். அம்மாணவி எழுந்து சொன்னாள்: “கதை என்று சொல்லியிருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கும், ஐயா.”

கதை என்று சொல்லியே கதை சொன்ன கணிதர் ஒருவர் நம் சமயத்தில் உண்டு. அவர் மகாவீராசாரியர். இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மகாவீரரை வணங்கித் தொடங்கிக் ‘கணிதசாரசங்கிரகம்’ என்னும் வடமொழி நூலை இயற்றினார். அதன் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பேராசிரியர் ரங்காசாரியார் பதிப்பிக்க, 1912இல் சென்னையில் அது அச்சேறியது.

அதில் ஒரு கணக்கு. காதலர் ஊடலில் ஒரு முத்துமாலை அறுந்தது. மூன்றில் ஒரு பங்கு பணிப்பெண்ணிடம் சேர்ந்தது. ஆறில் ஒரு பங்கு படுக்கையில் விழுந்தது. எஞ்சியதில் பாதி, அதில் எஞ்சியதில் பாதி என ஆறு முறை சிதறியது. மாலையில் மிஞ்சியவை 1,161 முத்துகள். மொத்தம் எத்தனை? முதலிரண்டு பங்குகளும் போக எஞ்சுவது பாதி. அதை ஆறு முறை பாதியாக்கினால் 128இல் ஒரு பங்கு. எனவே மொத்தம் 1,48,608 முத்துகள். அத்தனை முத்துகளை எந்தக் கழுத்தும் தாங்காது! மாலை கற்பனை என்பது கேட்பவர்க்கு உடனே விளங்கும்; விடையோ ஒரு முத்தும் பிசகாதது.

இனி நான் சொல்வதும் கற்பனையே, முன்னரே சொல்லிவிட்டேன். முந்நூறு ஆண்டு இடைவெளியைத் தாண்டி லீலாவதி மகாவீராசாரியரிடம் வருகிறாள்.

“பெரியவரே, தங்கள் மாலையின் முத்து ஒன்று என் வட்டிலில் விழுந்து என் திருமணத்தைக் கெடுத்துவிட்டது.”

“என் கணக்கில் ஒன்றும் குறையவில்லையே, அம்மா! அது ஃபைஸியின் முத்தாக இருக்கும்.”

“அப்படியானால் ஓர் ஐயம். ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் என்ன வரும்?”

“எண் மாறாது என்று எழுதியிருக்கிறேன்.”

“என் தந்தை அதை முடிவற்றது என்கிறாரே!”

“நாம் இருவரும் தவறியிருக்கலாம். பின்வருவோர் திருத்தட்டும்.”

உரையாடல் பொய்; உள்ளிருக்கும் கணிதச் செய்தி மெய். மகாவீராசாரியர் அவ்வாறே எழுதினார். பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் அதை முடிவிலி என்றார். இன்றைய எண்கணிதமோ சுழியால் வகுத்தலுக்குப் பொருளே இல்லை என்கிறது. நம் ஆசாரியர் பிழைபட்ட இடத்தையும் இந்த அவையில் கூறுவது அவருக்கு இழுக்கன்று. அதை மறைத்தால் அவருடைய புகழில் என் பொய்யும் கலந்துவிடும்.

தாய்மார்களே, பெரியோர்களே! பேரப்பிள்ளைகளுக்கு அறிஞர்களின் கதைகளைத் தாராளமாகச் சொல்லுங்கள். ‘இது கதை’ என்ற இரு சொற்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். “அப்புறம் என்ன ஆயிற்று?” என்று கேட்டால், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அச்சொல்லை அன்று நான் சொல்லியிருந்தால், ஒரு சிறுமி மேடையில் தனித்து நின்றிருக்க மாட்டாள்.