யாத்திரையும் எச்சரிக்கையும்
(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எமது முன்னோர் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்ற காலத்திலே மடங்களில் தங்கினார்கள். மடத்தை நேரிலே கண்டார்கள். மடத்தாரை முகம் பார்த்துப் பேசினார்கள். இன்றோ சிதம்பரத்துக்கும் காசிக்கும் புறப்படுமுன்னரே, வீட்டிலிருந்தவாறு கைத்தொலைபேசியில் அறையைப் பதிவு செய்து காசையும் கட்டிவிடுகிறோம். காணாத அறைக்காகக் காணாத ஒருவரிடம் காசு கொடுக்கிறோம். வஞ்சகர் புகும் வாயில் இதுவே.

இது வீண் அச்சமன்று. 2025 ஏப்ரலில் இந்திய உள்துறை அமைச்சின் இணையக் குற்றத் தடுப்பு நிலையம் யாத்திரீகரை எச்சரித்தது. கேதார்நாத் ஹெலிகொப்டர்ப் பயணம், யாத்திரீகர் விடுதி முதலியவற்றின் பெயரால் போலி இணையத்தளங்கள் நடத்தப்படுவதாகவும், சோமநாதர் ஆலய விடுதியை நாடுவோர் அவ்வாலய அறக்கட்டளையின் சொந்தத் தளத்திலேயே பதிவு செய்ய வேண்டுமென்றும் அது அறிவுறுத்தியது.

வஞ்சகரின் உபாயங்களில் மூன்றைக் கூறுகிறேன்.

முதலாவது, போலித் தளம். விளம்பரக் கட்டணம் செலுத்தித் தேடற் பக்கத்தின் உச்சியிலே அதனை நிறுத்துவார்கள். முதலில் வருவதெல்லாம் உண்மையானதன்று. முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பூட்டுக் குறி இருப்பது தளத்தாரின் நேர்மைக்குச் சாட்சியாகாது.

இரண்டாவது, உண்மையான விடுதியின் கணக்கையே களவாடுதல். புக்கிங்.கொம் நிறுவனத்தின் பெயரைப் பூண்டு விடுதி ஊழியருக்குக் கள்ள மின்னஞ்சல் அனுப்பும் ஒரு முயற்சி 2024 டிசெம்பரில் தொடங்கியதென்று மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 மார்ச்சில் அறிவித்தது. இவ்வாறு விடுதியின் கணக்குக் கைப்பற்றப்பட்டால், உங்கள் பெயரும் தங்கும் திகதியும் பிழையின்றி எழுதப்பட்ட செய்தி உங்களுக்கு வரும். "அட்டை விபரத்தை மீண்டும் உறுதிப்படுத்துக, தவறின் இன்றே பதிவு இரத்தாகும்" என்று அது அவசரப்படுத்தும். விபரம் சரியாயிருப்பதனால் அனுப்பியவர் மெய்யானவர் என்று கொள்ளலாகாது.

மூன்றாவது, "காசைத் திருப்பித் தருகிறோம்" என்று கூறி இரகசிய எண்ணைக் கேட்டல். காசு பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதில்லை, கொடுப்பதற்கே வேண்டும்.

ஆகவே, ஐயம் தோன்றினால் அச்செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். அதிலுள்ள இலக்கத்துக்கும் பேசாதீர்கள். விடுதியின் இலக்கத்தை வேறு வழியால் அறிந்து நேரே விசாரியுங்கள். அறையின் படத்தை இணையத்திலே தேடினால், அதே படம் வேறோர் ஊர் விடுதியின் பெயரில் அகப்படுதலும் உண்டு. வாடகை மிக மலிவாயிருந்தாலும், முழுப் பணத்தையும் தனிநபர் கணக்கில் இடச் சொன்னாலும் விலகுங்கள். அட்டையாற் கட்டிய பணத்தை வங்கி மூலம் மீட்க ஓரளவு வழியுண்டு. தனிநபர் கணக்குக்கு அனுப்பியதை மீட்டல் மிக அரிது.

ஏமாந்துவிட்டால் ஒரு கணமும் தாமதியாது முதலில் வங்கிக்கும், பின் பொலிசாருக்கும் அறிவியுங்கள். இந்தியாவிலே அதற்கெனவுள்ள தொலைபேசி இலக்கம் 1930.

இளைஞர்களே! பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த காசைக் கொண்டே எமது பெரியோர் யாத்திரைக்குப் புறப்படுகிறார்கள். அவர்கள் பதிவு செய்யும்போது பக்கத்திலே அமர்ந்து உதவுங்கள். ஏமாந்தவரை ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சி அவர் மௌனம் சாதிக்கும் ஒவ்வொரு நாழிகையும் வஞ்சகனுக்கே இலாபம். பெரியோர்களே! கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். வீட்டிலே இருவர் கூடி ஆராய்ந்த பின்னரே காசு கட்டுவது என்ற வழக்கத்தை இன்றே தொடங்குவோமாக.