மடையும் விமானமும்



வெள்ளி விழா மேடையில் சிறு விமானத்தின் எரிபொருள் குழாயைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் சொல்கிறேன்.

கேரளத்தின் தொடுபுழை அருகே வாழும் சஜி தாமஸ் என்பவர் பிறவியிலேயே செவித்திறனும் பேச்சும் இல்லாதவர். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்களைக் கண்டு ஆசை கொண்டு, தம் கையாலேயே ஒரு சிறு விமானத்தைக் கட்டினார். அது 2014ஆம் ஆண்டில் நம் தெற்கே மணிமுத்தாற்றில், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் செலுத்த, வானில் பறந்தது. பட்டம் இல்லாத கையும் பறக்கும் பொருளைப் படைக்கும் என்பதற்கு இது சான்று.

ஆனால் பறப்பது வேறு, பத்திரமாய் இறங்குவது வேறு. எஞ்சினுக்குத் துளித்துளியாய்ப் பெட்ரோல் போய்ச் சேரும் வழியில் பிழை நேர்ந்தால் மற்றத் திறமையெல்லாம் வீணாகும். அந்த வழியின் இலக்கணம் நமக்குப் புதிதன்று. இந்தச் சமவெளியின் கண்மாய்களில் நீருக்குள் மூழ்கி மடை திறந்த நீர்ப்பாய்ச்சிகள் நம் முன்னோர். வயல் அவர்களுடையதன்று, ஆனால் நீரின் குணம் அறிந்தவர்கள் அவர்களே.

இறக்கை மேலே அமைந்த விமானத்தில் டேங்க்கிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே கீழிறங்கும். குழாய் வாய்க்கால்போல ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அங்கே ஆவி தங்கும். பள்ளம் இருந்தால் தண்ணீர் தங்கும். சித்திரை வெயிலில் எஞ்சினின் புகைக்குழாயை ஒட்டிச் செல்லும் குழாயில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துவிடும்.

தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது, அடியில் தங்கும். ஆகவே மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் வால்வும் வடிகட்டிக் கிண்ணமும் வேண்டும். நாளின் முதல் பயணத்திற்கு முன் சிறிது வடித்துக் கண்ணாடிக் குப்பியில் பார்ப்பது கட்டாயம். இன்று நாட்டில் விற்கும் மோட்டார் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். சில வகை ரப்பரைக் கெடுக்கும்.

எண்ணெய் டின்னில் ஒரே துளையிட்டால் எண்ணெய் நின்று நின்று வரும். எதிர் மூலையில் இன்னொரு துளையிட்டால் சீராக ஒழுகும். டேங்க்கின் காற்றுத் துளை அதுதான். ஒரு குளவி அதில் மண்கூடு கட்டினால் டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் எஞ்சின் நின்றுபோகும்.

இணைப்புகளில் எச்சரிக்கை தேவை. விமானக் குழாயின் வாய் 37 பாகையில் விரிக்கப்படும். மோட்டார் வாகனக் குழாயின் வாய் பெரும்பாலும் 45 பாகையில். இரண்டையும் சேர்த்து முறுக்கினால் இறுகியதுபோல் தோன்றும், ஒருநாள் கசியும். டெஃப்ளான் டேப் சுற்றக்கூடாது. அதன் பிசிறு கார்புரேட்டர் வரை போய் அடைக்கும். செப்புக் குழாய் அதிர்வில் கடினமாகி வெடிக்கும். அதிரும் எஞ்சினுக்கும் உடற்பகுதிக்கும் நடுவே, தீ தாங்கும் உறையிட்ட வளையும் குழாயே வேண்டும்.

இறுதியில் அளந்து பார்க்க வேண்டும். விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்தில் உயர்த்தி, கார்புரேட்டர் முனையைக் கழற்றி, பெட்ரோலை அளவுக்கலத்தில் பிடியுங்கள். புறப்படும்போது எஞ்சின் மணிக்கு 20 லிட்டர் குடிக்குமானால், தானே இறங்கும் அமைப்பு 30 லிட்டராவது தர வேண்டும். பம்ப் அமைப்பாயின் 25 லிட்டர்.

வால்வு எங்கே இருக்கிறது என்பதும் உயிர்ப் பிரச்சினையே. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், வேறொருவர் வீட்டில் கட்டிய லாங்-ஈஸி விமானத்தை வாங்கியிருந்தார். வடிவமைப்பாளர் வரைந்த படத்தில் டேங்க் மாற்றும் வால்வு ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவரோ அதை இடத் தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். கைப்பிடியில் குறியீடும் இல்லை. 1997 அக்டோபர் 12 அன்று டென்வர் அதை எட்டித் திருப்ப முயன்றபோது கால் தவறுதலாக மிதியை அழுத்த, விமானம் கலிபோர்னியக் கடலில் வீழ்ந்தது, அவர் இறந்தார். விசாரணை அறிக்கை வால்வின் இடத்தையும், குறியீடு இல்லாமையையும், பெட்ரோல் நிரப்பாமல் புறப்பட்டதையும் காரணங்களுள் சேர்த்தது.

இளைஞர்களே, நாளையே விமானம் கட்டுங்கள் என்று நான் கூறவில்லை. அதற்கு விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் இசைவும், தேர்ந்தவர்களின் மேற்பார்வையும் வேண்டும். மதுரையின் லாரிப் பட்டறைகளில் குழாய் வளைக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். கைப்பழக்கம் உங்களிடம் இருக்கிறது. ஏன் 37, ஏன் 30 என்று கேட்கும் பழக்கத்தை அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அளந்ததை நாள் குறித்து நோட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். மடை திறந்த நம் பாட்டன் அறிந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் அவனுக்குக் கூலியாள் என்ற பெயரே மிஞ்சியது. உங்கள் அறிவு உங்கள் பெயரிலேயே எழுதப்படட்டும். இந்தக் கழகம் எழுத்தறிவு தந்தது அதற்காகத்தான்.