தக்காளிச் செடி ஏன் தங்குவதில்லை?
(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேசப்போவது தக்காளியைப் பற்றி. "அதுல பேச என்ன இருக்கு? நம்ம லயத்துல ஒரு செடியும் தங்குறதில்லையே" என்று நீங்கள் நினைக்கலாம். அதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

காலையில் பெரட்டுக்குப் போகுமுன் தண்ணீர் ஊற்றுகிறோம். பின்னேரம் மலையிலிருந்து இறங்கி வந்து களை பிடுங்குகிறோம். பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் செடி தலை தொங்கிப் போகிறது. சிலர் கண்ணூறு என்கிறோம், சிலர் கைராசி இல்லை என்கிறோம். இரண்டும் இல்லை, அது நோய். எந்த நோய் என்று தெரிந்தால்தான் வழி தெரியும்.

பயிர் நோய் நமக்குப் புதிதா? நம் முன்னோர் கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்கள். 1869இல் இலங்கைக் கோப்பியில் துரு நோய் கண்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. அதற்காகத் தேயிலையை விட்டுவிட்டோமா? இல்லையே.

முதலாவது, வாடல் நோய். இலை மஞ்சளாகாது, பச்சையாக இருக்கும்போதே செடி வாடும். அடித்தண்டை வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி பிடியுங்கள். சிறிது நேரத்தில் பால் போல நூலாக இறங்கினால் அது பக்டீரியா வாடல். இதற்கு மருந்து இல்லை. கிருமி மண்ணில் இருக்கிறது. செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். கானில் மட்டும் எறியாதீர்கள்! மேல் லயத்துக் கான் தண்ணீர்தானே கீழ் லயத்துத் தோட்டத்துக்குப் போகிறது? நம்ம நோயை நாமே அடுத்த வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

அந்தப் பாத்தியில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கும் போட வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம், ஒரே நோய். போஞ்சி, கோவா, சோளம் போடுங்கள். தக்காளி வேண்டுமென்றால் பழைய உரச்சாக்கைக் கழுவி, இந்தப் பயிர்கள் போடாத இடத்து மண்ணை நிரப்பி அதில் நடுங்கள். திலின, ரி-245 போன்ற இனங்கள் இந்த நோயை ஓரளவு தாங்கும். விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, வெளிறல் நோய். மழையும் பனிமூட்டமும் தொடர்ந்தால் இலையில் கறுத்த புள்ளி விழும். அடியில் வெள்ளைப் பூஞ்சணம் தெரியும். சில நாளில் செடியே கருகிவிடும். உருளைக்கிழங்கையும் இதே நோய்தான் தாக்கும். இலை நனையாமல் பார்ப்பதே முதல் வைத்தியம். நாலு கம்பு நட்டு மேலே பொலித்தீன் கட்டுங்கள்; பக்கம் திறந்திருக்கட்டும். அடி இலைகளைக் கிள்ளுங்கள். தண்ணீரைக் காலையில், அடியில் மட்டும் ஊற்றுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் பிறந்தால் மழை விடாது. அதனால் மார்கழியில் நாற்றுப் போட்டு, தை பிறந்ததும் நட்டுவிட்டால் மழைக்கு முன் பழம் பறிக்கலாம்.

மூன்றாவது, காயின் அடி கறுத்து அழுகுவது. இது தொற்று நோயல்ல. செடிக்குச் சுண்ணாம்புச் சத்துப் போதாது, அல்லது தண்ணீர் ஒரு நாள் கிடைத்து மூன்று நாள் கிடைக்கவில்லை. நம்ம தேயிலை மண் புளிப்பு மண். நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே டொலமைட் கலந்து வையுங்கள். தண்ணீரையும் ஒழுங்காக ஊற்றுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மனம் வெறுத்து, மலைக்கு அடிக்கிற மருந்தைச் சோடாப் போத்தலில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். தக்காளியைச் செடியிலிருந்தே பறித்துத் தின்பது நம்ம பிள்ளைகள். போத்தலைத் தாகத்துக்கு எடுப்பதும் அவர்கள்தான். செடி போனால் இன்னொன்று நடலாம்.

2022இல் நெருக்கடி வந்தபோது கறிக்கு ஒரு தக்காளி வாங்கக் கணக்குப் பார்த்தோம். அதை மறக்கக்கூடாது. ஆகவே, இந்த முறை வீட்டுக்கு நாலு சாக்கு, நாலு செடி போதும். லயத்தில் எல்லோரும் சேர்ந்து செய்வோம். ஒரு வீட்டில் நோய் கண்டால் மறைக்காமல் பக்கத்து வீட்டுக்குச் சொல்வோம். அப்படிச் சொல்லிக்கொள்கிற லயத்தில்தான் தக்காளி தங்கும்.