மனநல வார்டிலிருந்து வரும் மகள்

(காட்டாங்குளத்தூரில் தம்பதியர் கூட்டத்தில் பேசியது)



நம் வட்டாரத்தில் பல வீட்டுப் பிள்ளைகள் இன்று நர்சிங் படிக்கிறார்கள். பி.எஸ்ஸி. நர்சிங் நான்காண்டுப் படிப்பு. மூன்றாம் ஆண்டில் மனநல நர்சிங் பாடம் வருகிறது. புத்தகம் மட்டும் போதாது. மனநல மருத்துவமனையில் சில வாரம் நோயாளிகளோடு பழகவும் வேண்டும். 1794-இல் தொடங்கி, 1871 முதல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடந்துவரும் அரசு மனநலக் காப்பகத்திற்குப் பல கல்லூரி மாணவிகள் பயிற்சிக்குப் போகிறார்கள்.

அப்போது நாம் என்ன சொல்கிறோம்? "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா போறே? வெளியே சொல்லாதே, மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பாங்க?"

அவளுக்கு வயது இருபது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட ஒரு பெண்ணோடும், வருஷக்கணக்கில் யாரும் வந்து பார்க்காத ஒரு பாட்டியோடும் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருப்பாள். பயம், இரக்கம், 'எனக்கும் இப்படி வருமோ' என்ற சந்தேகம் எல்லாம் மனதில் இருக்கும். நாமே வாயை அடைத்துவிட்டால் அந்தப் பாரத்தை எங்கே இறக்குவாள்?

மனநோய் ஒட்டுவாரொட்டி அல்ல; காத்துக் கருப்பும் அல்ல. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் போக, 28 பேர் மாண்டார்கள். சங்கிலி இருந்த இடத்தில் பயிற்சி பெற்ற கை வேண்டும். உங்கள் மகள் படிப்பது அதற்குத்தான்.

நாம் செய்ய வேண்டியவை:

1. வீடு வந்ததும் சாப்பாடு போட்டு, அவளாகப் பேசவிடுங்கள். "இதுக்கெல்லாம் அழலாமா?" என்று அடக்காதீர்கள்.

2. ஹாஸ்டலில் இருந்தால், போனில் மார்க்கு மட்டும் கேட்காமல், "இன்னிக்கு வார்டு எப்படிம்மா இருந்துச்சு?" என்றும் கேளுங்கள். இது தாய்க்கு மட்டும் உள்ள வேலை அல்ல. தகப்பனாரும் கேட்க வேண்டும்.

3. நோயாளியின் பேர், ஊர் கேட்காதீர்கள். ரகசியம் காப்பது அவள் கடமை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் அதையே சொல்கிறது.

4. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பசியில்லை, யாரோடும் பேச்சில்லை என்றால் கல்லூரி ஆசிரியையிடம் சொல்லி, டாக்டரிடம் கூட்டிப்போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். அன்றைக்கே உதவி தேடுங்கள்.

2022 முதல் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும், இலவசமாக, தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கிறது. பிள்ளையும் பேசலாம், பெற்றோரும் பேசலாம்.

ஊரார் மனதுக்கு மருந்திடப் படிக்கும் பிள்ளையின் மனதை முதலில் நாம் காப்போம்.